பிரேக் மாமாவின் இடது பக்கம்

என் அக்கா புருஷனை லிஃப்ட் கம்பெனியில் ‘பிரேக்’ என்று கூப்பிடுவார்கள். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் மொட்டை மாடிக்கு ஏறி, மோட்டார் அறையைத் திறந்து, முதலில் பிரேக்கைத்தான் தொட்டுப் பார்ப்பார். பிறகு இரும்பு வடத்தைப் பழைய துணியால் சுற்றிப் பிடித்துக்கொண்டு மெல்ல ஓடவிடச் சொல்வார். எங்காவது ஓர் இழை அறுந்திருந்தால் துணி மாட்டும். அவர் லிஃப்ட் பெட்டியின் கூரை மேல் நின்று ‘மேலே’ என்று குரல் கொடுத்தால், மோட்டார் அறையில் இருப்பவர் ‘மேலே’ என்று திருப்பிச் சொன்ன பிறகுதான் பொத்தானைத் தொடலாம். சொல்லாமல் தொட்டவர் மறுநாளிலிருந்து வேறு ஆளோடு ஜோடி சேர வேண்டியதுதான்.

பெயருக்கு இன்னொரு காரணமும் உண்டு. மனுஷர் வாயிலிருந்து ‘சரி’ என்றோ ‘முடியாது’ என்றோ ஒரு வார்த்தை லேசில் வராது. எதைக் கேட்டாலும் ‘பாக்கலாம்’. வீட்டுக்கு வெள்ளை அடிக்கலாமா? பாக்கலாம். ஊருக்குப் போகலாமா? பாக்கலாம். நான் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவன். இந்த லென்ஸில் நன்றாகத் தெரிகிறதா, அந்த லென்ஸிலா என்று நாள் முழுக்க ஊரைக் கேட்டுப் பிழைப்பவன். மாமாவுக்குக் கண்ணாடி போட்டுவிட நான் பட்ட பாடு நாய் படாது. “ரெண்டும் ஒரே மாதிரி தெரியுது மாப்ள” என்று சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். மதில் மேல் பூனையாவது பசித்தால் ஒரு பக்கம் குதிக்கும். இவருக்கு மதிலே வீடு.

அப்படிப்பட்டவர் உலகத்தில் ஒரே ஒருவரைக் கண்டால்தான் நடுங்குவார்: அவருடைய அண்ணி. அண்ணன் இறந்து ஒன்பது வருஷமாக அண்ணி இவர் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. இவரும் அந்தத் தெரு வழியாகப் போவதில்லை. அந்தத் தெருவில் ஒரு நாலு மாடிக் கட்டடத்தின் லிஃப்ட் இவர் கணக்கில் இருந்தது. அதை வேறொருவர் தலையில் கட்டிவிட்டு, அதற்குப் பதில் ஊர்க்கோடியில் ஓயாமல் மக்கர் செய்கிற ஒரு கிழட்டு லிஃப்டை வாங்கிக்கொண்டார். காரணம் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

அண்ணனுக்கு இரண்டு கிட்னியும் கெட்டுப்போயிருந்தன. பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். வாரத்தில் பாதி நாள் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்திகரிக்கப் படுக்க வேண்டிய நிலை. கூடப் பிறந்தவருடையது கிடைத்தால் நல்லது என்றார் டாக்டர். கூடப் பிறந்தவர் இவர் ஒருவர்தான். ஒரு தடவை வந்து பரிசோதனை செய்துகொள் என்று அண்ணன் கேட்டார். மாமா என்ன சொல்லியிருப்பார் என்று நான் எழுத வேண்டியதில்லை. அப்புறம் பெரிய கட்டடத்தில் புது லிஃப்ட் மாட்டுகிற வேலை வந்தது, அப்புறம் காய்ச்சல் வந்தது, அப்புறம் ஏதோ வந்தது. மாட்டேன் என்று ஒரு நாளும் சொல்லவில்லை. போகவும் இல்லை. அண்ணன் காத்திருந்து காத்திருந்து, நுரையீரலில் சளி கட்டி, ஒரு வாரத்தில் போய்விட்டார்.

இந்த மாமாதான் போன மாதம் படியில் விழுந்தார். முப்பது வருஷம் லிஃப்ட் குழிக்குள் இறங்கி ஏறியவர், ஒரு கீறல் இல்லாமல் வந்தவர், மாடிப்படியில் வழுக்கி விழுந்தார் என்றால் சிரிப்பதா அழுவதா? லிஃப்டை நிறுத்திப் பலகை மாட்டியது அவர்தான். லிஃப்ட் நின்றதால் கூட்டிப் பெருக்குகிற அம்மா சோப்புத் தண்ணி வாளியைப் படியில் தூக்கிக்கொண்டு ஏறியிருக்கிறார். வாளி தளும்பியிருக்கிறது. மாமா மொட்டை மாடியில் பிரேக்கைப் பார்த்துவிட்டு அதே படியில் இறங்கியிருக்கிறார். அவருக்கு அன்று பிரேக் இல்லை.

ஆஸ்பத்திரிக்கு நானும் அக்காவும் ஓடினோம். அடிபட்டவர்களைக் கொண்டுவருகிற கூடத்தில் ஒரு தள்ளுகட்டிலில் கிடந்தார். மூச்சு இழுக்க முடியவில்லை, இடது விலாவைப் பிடித்துக்கொண்டிருந்தார். வயிற்றில் உள்காயம் இருக்கலாம் என்று தலையிலிருந்து இடுப்பு வரை ஸ்கேன் எடுத்தார்கள். அக்கா வாசலில் நின்று, இருக்கிற தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டாள்.

பணியில் இருந்த இளம் டாக்டரம்மா சிரித்த முகமாக வெளியே வந்தார். விலா எலும்பு இரண்டில் கீறல் விழுந்திருக்கிறது, தானாக ஒட்டிவிடும், ஈரல் மண்ணீரல் எல்லாம் பத்திரம், ரத்தக்கசிவு இல்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நான் மூச்சு விடுவதற்குள், போகிற போக்கில் அந்தப் பெண் சொன்னது:

“அப்புறம், இடது பக்கம் கிட்னி இல்ல. அது உங்களுக்குத் தெரியும்தானே?”

அக்கா அப்படியே நின்றாள். “இல்லன்னா? காலையில நல்லாத்தானே வீட்ட விட்டுக் கெளம்புனாரு!”

“இல்லம்மா, இது விழுந்ததால இல்ல...”

“அப்ப எங்க போச்சு?”

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை. டாக்டரம்மா விளக்க வாயெடுப்பதற்குள் இன்னொரு தள்ளுகட்டில் வந்துவிட்டது. “பெரிய டாக்டர் சொல்வாரு” என்று ஓடிவிட்டார். அக்காவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு திருதிருவென்று விழித்தோம். விழுந்ததில் நசுங்கிக் கரைந்துவிட்டதோ என்று எனக்கு ஒரு கணம் தோன்றியது. வெட்கம் கெட்ட யோசனைதான்; ஆனாலும் தோன்றியது. அக்காவின் யோசனை வேறு விதமாகப் போயிற்று.

“கல்யாணத்துக்கு முன்னாடி இவருக்குக் குடல்வால் ஆபரேஷன் நடந்துச்சுடா. அப்பத் தூக்கிட்டானுங்க! அந்த ஆஸ்பத்திரி இப்ப இருக்கா இல்லையா?”

“அக்கா, கொஞ்சம் மெதுவா பேசு. இதுவும் ஆஸ்பத்திரிதான்.”

மாமாவை வார்டுக்கு மாற்றினார்கள். ஜன்னலோரக் கட்டில். விஷயத்தை அக்காதான் போட்டு உடைத்தாள். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பயப்படுவார் என்று நினைத்தேன். அவர், “அது என் படம்தானா?” என்று கேட்டார். இன்னொருவர் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்ளாத தொழில் புத்தி. பெரிய டாக்டர் வந்ததும் அவரிடமும் அதையே கேட்டார். பெரிய டாக்டர் நல்ல மனுஷர், கோபித்துக்கொள்ளவில்லை. மறுநாள் காலை வயிற்றில் பசை தடவி வேறொரு கருவி வைத்து, மாமாவின் கண் முன்னாலேயே திரையில் தேடிக் காட்டினார். வலது பக்கம் இருந்தது. வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தது. இடது பக்கம் தேடத் தேட ஒன்றும் இல்லை.

அக்கா குடல்வாலைக் கிளப்பினாள். டாக்டர் தழும்பைப் பார்த்துச் சிரித்தார்.

“தழும்பு வலது பக்கம்மா. இல்லாதது இடது பக்கம். இத யாரும் எடுக்கல, முளைக்கவே இல்ல. ஆயிரத்துல ஒருத்தருக்கு இப்படி இருக்கும். இருக்கற ஒண்ணு பெருசா வளந்து ரெண்டு வேலையையும் பாத்துக்கும். விழாம இருந்திருந்தா இவருக்குக் கடைசி வரைக்கும் தெரிஞ்சிருக்காது. இனிமே பிபியைப் பாத்துக்கணும், கண்ட வலி மாத்திரையைப் போடக் கூடாது. அவ்வளவுதான்.”

டாக்டர் போனதும் மாமா சுவர்ப் பக்கம் திரும்ப முயன்றார். விலா விடவில்லை. கண்ணை மட்டும் மூடிக்கொண்டார். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. அக்காவுக்குத்தான் முதலில் உறைத்தது. அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து, இவளுக்கு என்ன ஆயிற்று என்று குழம்பினேன்.

“டேய், புரியலையா? அன்னைக்கு இவரு குடுத்திருக்கவே முடியாதுடா! இருந்தாத்தானே குடுக்க!”

ஒன்பது வருஷமாக அவள் தூக்கித் திரிந்த பாரம் சட்டென்று இறங்கிவிட்டது. புருஷன் கல் நெஞ்சன் என்று சொந்தக்காரர்கள் மறைவில் பேசியதையெல்லாம் அவள்தான் காதில் வாங்கியவள். வார்டின் வராந்தாவுக்குப் போய் போனை எடுத்தவள் நெடுநேரம் வைக்கவில்லை. சாயங்காலத்துக்குள் செய்தி குடும்பம் முழுக்கப் பரவிவிட்டது.

முதலில் வந்து சேர்ந்தவர் மாமாவின் சித்தப்பா. அண்ணன் இறந்த வீட்டில், கூட்டத்துக்கு நடுவே, “கூடப் பொறந்தவனா நீ?” என்று மாமாவைக் கேட்டவர் இவர்தான். இப்போது கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மாமாவின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

“சட்டியில இருந்தாத்தானேப்பா அகப்பையில வரும். தெரியாம ஒரு வார்த்தை பேசிட்டேன். மனசுல வச்சுக்காத. கடவுள்தான் உன்னைப் போகவிடாமத் தடுத்திருக்காரு. போயிருந்தா, இருந்த ஒண்ணையும் எடுத்திருப்பானுங்க.”

“ஸ்கேன் எடுக்காம எடுக்க மாட்டாங்க சித்தப்பா” என்றார் மாமா.

“என்னமோ, நீ குத்தவாளி இல்ல. அவ்வளவுதான்.”

சித்தப்பா போன பிறகு மாமா என்னைக் கிட்டே கூப்பிட்டார். அக்கா பால் வாங்கக் கீழே போயிருந்தாள்.

“மாப்ள, எனக்கு ஒண்ணுதான்னு எனக்கு அப்பத் தெரியாது.”

“தெரியாதுதான் மாமா.”

“ரெண்டு இருக்குன்னு நெனச்சுக்கிட்டுத்தான் போகாம இருந்தேன். கத்தியை நெனச்சா ஒடம்பு ஆடுச்சு. அப்ப அது என்ன? கேட்டவருக்கு இல்லைன்னு சொன்ன கணக்கா, இல்லாததால குடுக்காத கணக்கா?”

இந்த லென்ஸா அந்த லென்ஸா என்று கேட்டால் ஒன்றைச் சொல்லலாம். இதில் இரண்டும் எனக்கு ஒரே மாதிரிதான் தெரிந்தது. “குடுத்திருக்க முடியாதுங்கறது நிஜம்தானே மாமா” என்று இழுத்தேன்.

“அது நிஜம். அது எனக்கு நேத்துத்தான் தெரியும். பயந்தது அன்னைக்கே தெரியும்.” மூச்சு வாங்கினார். “சித்தப்பா கையைப் பிடிச்சாரு பாரு, அப்பக் கூசுச்சு மாப்ள. திருடாத பொருளத் திருடலைன்னு சொல்லி விட்டா சந்தோஷப்படலாம். நான் சுவத்துல கன்னம் வச்சுத் திருட உள்ள போனவன். பெட்டி காலி. அவ்வளவுதான்.”

அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. எனக்குக் கோபம்கூட வந்தது. மனுஷர் ஒன்பது வருஷம் சிறையில் கிடந்திருக்கிறார், கதவைத் திறந்துவிட்டிருக்கிறார்கள், வெளியே வா என்றால் வாசலில் நின்று நியாயம் பேசுகிறார். கிடைத்ததை வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதானே? இப்படி நினைத்தேன். ஆனால் அவர் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்வேன் என்று யோசித்தபோது ஒன்றும் பிடிபடவில்லை.

பாலோடு வந்த அக்கா அடுத்த செய்தியைச் சொன்னாள். அண்ணி வருகிறாராம். நாளைக்குக் காலையில்.

“எதுக்கு வரச் சொன்ன?” என்றார் மாமா.

“நான் எங்க வரச் சொன்னேன்? விஷயத்தச் சொன்னேன். ‘படம் இருக்கா’ன்னு கேட்டாங்க. இருக்குன்னேன். ‘வர்றேன்’னு வச்சுட்டாங்க.” பிறகு புருஷனின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “நீங்க ஒண்ணும் பேச வேணாம். பயந்தேன், ஒளிஞ்சேன்னு எதையாவது ஒளறி வைக்காதீங்க. படத்தைக் குடுப்போம். அதுவே பேசட்டும். ரெண்டு குடும்பமும் ஒண்ணாச் சேர இத விட்டா வேற வழி கெடைக்காது.”

அவள் சொன்னதில் தப்பு என்ன இருக்கிறது? ஒரு பொய்யும் இல்லை. ஸ்கேன் படம் பொய் சொல்லாது. ஆனாலும் மாமா அன்று சாப்பிடவில்லை.

அண்ணி பார்வையாளர் நேரம் தொடங்கியதுமே வந்துவிட்டார். ஒன்பது வருஷத்தில் நன்றாக நரைத்திருந்தது. ஒரு துணிக்கடையில் புடவை மடிக்கிற வேலைக்குப் போய்ப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். நின்ற நிலையிலும் கை எதையோ மடித்துக்கொண்டிருப்பதுபோல் முந்தானையை நீவிக்கொண்டிருந்தது. மாமா எழுந்திருக்க முயன்று முனகினார்.

“படுங்க தம்பி. எலும்பு ஒடஞ்சிருக்காமே. எழுந்திருக்காதீங்க.”

“பாருங்கக்கா” என்று அக்கா உறையிலிருந்து படத்தை உருவி ஓரகத்தியின் கையில் கொடுத்தாள். “நீங்களே பாருங்க. பொறந்ததுல இருந்தே இல்லையாம். ஆயிரத்துல ஒருத்தருக்கு இப்படியாம்.”

அண்ணி படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். வரிசை வரிசையாகச் சின்னச் சின்னக் கட்டங்கள். எதில் எதைப் பார்ப்பது என்று யாருக்குத் தெரியும்? “எங்க இருக்கணும்?” என்று கேட்டார். மாமா படுத்தபடியே கையை நீட்டி ஒரு கட்டத்தைத் தொட்டுக் காட்டினார். அண்ணி அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள். எல்லாம் நல்லபடியாக முடிகிறது என்று அர்த்தம்.

“அண்ணி” என்றார் மாமா. “நான் ஒண்ணு சொல்லணும்.”

அக்கா கட்டிலுக்கு இந்தப் பக்கமிருந்து அவர் கையைக் கிள்ளினாள். அவர் நிறுத்தவில்லை.

“இது எனக்கு இப்பத்தான் தெரியும். அன்னைக்கு ரெண்டு இருக்குன்னு நெனச்சுத்தான் வராம இருந்தேன். வேலைன்னு சொன்னது பொய். காய்ச்சல்னு சொன்னதும் பொய். பயம் அண்ணி. செத்துருவேன்னு பயம்.”

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். அண்ணி படத்திலிருந்து கண்ணை எடுக்காமலேயே சொன்னார்:

“தெரியும் தம்பி. பயந்தவங்க மொகம் தெரியாதா? அதுக்கு நான் வரல.” பிறகு என் பக்கம் திரும்பினார். “இந்தப் படம் எடுக்க எவ்வளவு நேரமாச்சு?”

எதற்குக் கேட்கிறார் என்று புரியவில்லை. “உள்ள போயிட்டு வர ஒரு டீ குடிக்கிற நேரம்தான் இருக்கும்க்கா.”

“கத்தி எதுவும் இல்லாம?”

“ஒரு ஊசி மட்டும்தான்.”

“அவ்வளவுதானா” என்றார். படத்தை ஓரம் மடங்காமல் நிதானமாக உறைக்குள் போட்டார். போட்டுவிட்டுத்தான் பேசினார். குரலில் சூடு இல்லை. கடையில் ஒரு துணியின் அளவை இரண்டாம் தடவை சரிபார்க்கிறவர்போலப் பேசினார்.

“நான் என்னோடத எடுத்துக்கங்கன்னு அவர்கிட்டச் சொன்னேன் தம்பி. எனக்கும் அதே ரத்த குரூப்தான். எனக்கு எல்லா டெஸ்டும் எடுத்துப் பாத்துட்டு, தரலாம்னு டாக்டரே சொல்லிட்டாரு. இது யாருக்கும் தெரியாது. அவருதான் ஒத்துக்கல. ‘பிள்ளைங்களுக்கு ஒரு ஆளாவது முழுசா இருக்கட்டும். தம்பி வருவான். மாட்டேன்னு அவன் சொல்லலையே’ன்னாரு. தெனமும் இதேதான்.” முந்தானையை நீவினார். “நீங்க ஒரு தடவை வந்து இந்தப் படத்த எடுத்திருந்தா, உங்களால முடியாதுன்னு அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். ஒரு டீ குடிக்கிற நேரம். அவருக்கும் வேற வழி இருந்திருக்காது, என்னோடத வாங்கிட்டிருப்பாரு. நேத்து போன்ல கேட்டதுல இருந்து எனக்கு இதேதான் ஓடுது. அதான் கண்ணால பாத்துட்டுப் போவோம்னு வந்தேன்.”

நேற்று வரை குற்றம் இருந்தது. நேற்று சாயங்காலம் குற்றம் இல்லை என்றார்கள். இப்போது அதே படத்தால் குற்றம் இரண்டு மடங்காக வந்து நிற்கிறது. ஒரே படம். எந்தப் பக்கம் பிடித்துப் பார்ப்பது என்றுதான் தெரியவில்லை.

மாமா கேட்டார். “அண்ணனுக்கு என் மேல கோவம் இருந்துச்சா அண்ணி?”

அண்ணி முதல் தடவையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தார்.

“இல்ல தம்பி. கோவப்பட்டிருந்தா பொழச்சிருப்பாரே.”

மாமாவுக்கு அழுகை வந்தது. உடைந்த விலாவோடு அழ முடியாது. ஒவ்வொரு விம்மலுக்கும் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. நர்ஸைக் கூப்பிட அக்கா ஓடினாள். அண்ணி தலைமாட்டிலிருந்த தலையணையை எடுத்து, அவருடைய இடது விலாவில் வைத்து, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

“மெதுவா அழுங்க” என்றார். “நான் பிடிச்சிருக்கேன்.”